கோடைப் பட்டியலில் ஒரு முகம்

பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் மாடி அறையில் மின்விசிறிக் காற்றுக்கு, ‘கோடையில் வாசிக்க’ என்ற புதிய புத்தகப் பட்டியல் மடிப்பிதழ்கள் மேசைமேல் படபடக்கின்றன. அச்சு மையின் வாசம் இன்னும் போகவில்லை. அவற்றை ஒவ்வொன்றாக அஞ்சல் உறைக்குள் செருகிக்கொண்டிருக்கும் உதவிப் பதிப்பாசிரியர் சரண்யாதேவி, விளக்குமாற்றுச் சத்தம் சட்டென்று நின்றுபோக, நிமிர்கிறாள். அறை கூட்ட வந்த ஒச்சாயி, கீழே விழுந்த இதழொன்றை இரு கைகளிலும் ஏந்தி நிற்கிறாள். ஜன்னல் வெயில் அதிலுள்ள மூன்றாவது புத்தகத்தின் அட்டைமேல் விழுகிறது. எழுமலைப் பக்கத்து வயலில், கையில் நாற்றுமுடியோடு நிமிர்ந்து பார்க்கும் இளம்பெண். கூலி உழைப்பு பற்றிய ஆய்வுநூல்.

“இது எங்கம்மா.”

சரண்யாவின் கையிலிருந்த உறை நழுவுகிறது. “நல்லாப் பாருங்கக்கா.”

“இந்தா, நெத்தித் தழும்பு. எனக்கு எட்டு வயசுல செத்துப்போச்சு. வீட்டுல ஒரு போட்டோ கிடையாது தாயி. வருசா வருசம் ஒரு சேலையத்தான் வச்சுக் கும்பிடுறோம்.” ஒச்சாயியின் விரல் அந்த முகத்தைத் தொடாமல் அதற்கு மேலேயே வட்டமிடுகிறது. “எம்மக வயசுகூட இல்லையே இதுக்கு…”

விரல் மெல்ல இறங்கி, படத்தின் அடியிலுள்ள பொடி எழுத்துகளில் நிற்கிறது.

“எனக்குப் படிக்கத் தெரியாது. என்னன்னு போட்டிருக்காக?”

சரண்யாவே எழுதிய வரி அது: ‘பெயர் தெரியாத கூலிப்பெண்.’

“அம்மா பேரு என்னக்கா?”

ஒச்சாயி அவளை வியப்போடு பார்க்கிறாள்.

“அதான் அதுல போட்டிருக்குமே தாயி.”