ஒரு ஜோடி பாதுகாப்பு

நெய்வேலி கிளினிக்கில் பிரஷர் பார்க்க வந்த சோமசுந்தரம், நர்ஸ் பொற்கொடியின் வெறுங்கையைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“க்ளவுஸ் எங்கம்மா?”

“பிரஷர் பாக்கறதுக்கு வேணாங்க சார். இப்பதான் சோப்பு போட்டு கை கழுவினேன்.”

“மைன்ஸ்ல முப்பது வருஷம் சேஃப்டி ஆபீசரா இருந்தவன் நான். எனக்கே பாடமா?”

சட்டைப்பையிலிருந்து ஒரு ஜோடியை எடுத்து நீட்டினார். பாதுகாப்பைக் கண்டுபிடித்தவரே சொல்லும்போது மறுக்க முடியுமா? பொற்கொடி மாட்டிக்கொண்டு பிரஷர் பார்த்தாள்.

“இதுதான் சுத்தம். சரி, கழட்டிக் குடு.”

“நானே குப்பையில போட்டுடறேங்க சார்.”

“குப்பையிலயா? எங்க மைன்ஸ்ல ஒரு ஜோடி குடுத்தா ஆறு மாசம் வச்சிக்கணும். போன வாரம் என் கால் புண்ணைக் கழுவின நர்சும் இதைத்தான் போட்டா.”

பொற்கொடி முழங்கை வரைக்கும் சோப்பு போட்டாள்.