பார்த்தாலே போதும்

நினைவின்றிக் கிடந்த கணவர் இளவழகனுக்கு வீட்டிலேயே சுவாசக் கருவி ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தும் முடிவை டாக்டர்கள் தாட்சாயிணியிடமே விட்டிருந்தார்கள். திரையிலிருந்த 'நிறுத்து' பட்டன் வரை அவள் விரல் தினமும் போகும், தொடாமலே திரும்பிவிடும்.

கருவியின் மென்பொருள் குழுவிலிருந்து ஜெசிந்தா அழைத்தாள்.

"மேடம், அந்த பட்டன்கிட்ட நீங்க ரொம்ப சிரமப்படுறத கவனிச்சோம். இந்த வார அப்டேட்ல சரி பண்ணிட்டோம். இனிமே அழுத்தவே வேணாம், அத பார்த்தாலே போதும்."

"ஐயோ, எனக்குத்தான் மனசு வரலம்மா, பட்டன்ல ஒண்ணும் கோளாறு இல்ல! பழையபடியே மாத்திடுங்க."

"அடுத்த வார அப்டேட்ல பார்க்கலாம் மேடம். இது உங்க திரைக்கு வந்துடுச்சு."

அவருடைய இதயத் துடிப்பும் அதே திரையில்தான் ஓடியது. தாட்சாயிணி கண்களை இறுக மூடிக்கொண்டாள். தடவித் தடவிக் கட்டிலை அடைந்து, அவர் மார்பில் காதை வைத்தாள்.