உள்ளது உள்ளபடி

கடைக்காரர் எடுத்துக் காட்டிய நாலாவது வீடியோ கேமரா அது. பெரியவர் அதையும் தன் முழங்கைக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். நேற்று எதிலோ இடித்துக் கன்றிப்போயிருந்த இடம், திரையில் மாசு மருவில்லாமல் மின்னியது.

"நீலம் தெரியலையே, தம்பி."

"அதாங்க இதோட விசேஷமே. தழும்பு, கரும்புள்ளி எல்லாத்தையும் மறைச்சிடும். கல்யாண வீட்டுக்காரங்க அடிச்சுப் பிடிச்சு வாங்குறாங்க."

"மறைக்கக் கூடாது. தோல் எந்த நிறமோ அதே நிறத்துல தெரியணும். தேதியும் நேரமும் படத்துலயே விழணும்."

சரியான விடாக்கண்டன் என்று மனசுக்குள் திட்டியபடி கடைக்காரர் அந்த வசதியை அணைத்தார். முழங்கை திரையில் கருநீலமாகத் தெரிந்தது.

"இதையே குடுங்க. மூணு மணிக்குள்ள போயாகணும். விட்டா மறுபடி எடுக்க முடியாது."

"யாருக்குக் கல்யாணம்?"

"என் பையனை எடுக்கணும்."

"அப்ப மாப்பிள்ளையை அழகா காட்ட வேணாமா?" கடைக்காரர் சிரித்தார்.

பெரியவர் சிரிக்கவில்லை. "முந்தாநாள் விசாரணைன்னு ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. மாரடைப்புல செத்துட்டான்னு இன்னைக்குக் காலையில சொல்றாங்க. போஸ்ட்மார்ட்டத்தை வீடியோ எடுங்கன்னு கேட்டேன். ஆஸ்பத்திரி கேமரா ரிப்பேராம். வேணும்னா நீயே கொண்டு வான்னுட்டாங்க."

கடைக்காரர் கேமராவில் பேட்டரியை மாட்டிப் பையில் வைத்தார். கூடவே, அதே மாதிரி இன்னொரு கேமராவையும் எடுத்து வைத்தார்.

"ஒண்ணு போதுமே, தம்பி."

"போதாதுங்கய்யா. நீங்க உள்ள குடுத்த அஞ்சாவது நிமிஷம் அதுவும் ரிப்பேராயிடும்."