புது வீட்டில் ஒரு ஜோடி

“கடிச்சுக்கிட்டாங்களா?” என்று கேட்டார் மிருக டாக்டர்.

“இன்னும் இல்ல டாக்டர். ஆனா முறைச்சுக்கறாங்க,” என்றாள் போனில் அந்தப் பெண்மணி.

அவள் போன் செய்தது வேறு விஷயத்துக்கு. அவள் வீட்டில் இரண்டு கினிப் பன்றிகள் உண்டு. எலிக்கு அண்ணன், முயலுக்குத் தம்பி என்று சொல்லலாம்போல் இருக்கும். அதுகளுக்கு நகம் வெட்ட என்றைக்கு வரலாம் என்று கேட்டுவிட்டு, வீடு மாறியதால் புது முகவரியையும் சொன்னாள். டாக்டர் அதோடு விட்டிருக்கலாம். இந்தக் கிளினிக்குக்கு வந்து ஒரு மாதமே ஆன சுறுசுறுப்பு, சும்மா இருக்க விடவில்லை. “வீடு மாறினா சண்டை வருமே, ரெண்டு பேரும் ஒத்துமையா இருக்காங்களா?” என்று வாயை விட்டார். அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது.

பழைய வீட்டில் இருவரும் நகமும் சதையுமாக இருந்தார்களாம். அங்கே ஆளுக்கொரு இடம் இருந்தது; புது வீட்டில் இருவருக்கும் சேர்த்து ஒரே இடம். வந்த அன்றே ஜன்னலோரம் யாருக்கு என்பதில் ஆரம்பித்தது. இப்போது ஒருவர் இருக்கும் பக்கம் இன்னொருவர் திரும்புவதுகூட இல்லை. வேறொரு டாக்டரிடம் கேட்டதற்கு, இருவருக்கும் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தாராம்.

மிருக டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஆள் எந்தக் காலேஜில் படித்தான் என்று வாய்க்குள் திட்டிக்கொண்டார்.

“ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா ஒருத்தரை நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிடலாம்னு வீட்டுக்காரர் சொல்றார். யாரைன்னு அனுப்புவேன் டாக்டர்? ரெண்டு பேரும் எனக்கு ரெண்டு கண்ணு.”

பிரிக்கவே கூடாது என்றார் டாக்டர். கூடிப் பழகியதைப் பிரித்தால் இரண்டுமே சாப்பாட்டை விட்டுவிட்டு ஏங்கிப்போகும். பிறகு கேள்விகளை அடுக்கினார். இரண்டும் ஆணா? ஆமாம். உறுமிக்கொண்டு ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி வருகிறதா? தினமும் காலையில். பல்லை நறநறவென்று கடிக்கிறதா?

“ஒருத்தர் கடிப்பார். இன்னொருத்தருக்குப் பல்லே இல்லையே டாக்டர்.”

செல்லங்களை அவர், இவர் என்று மரியாதை கொடுத்துப் பேசும் வீடுகள் டாக்டருக்குப் புதிதில்லை. கினிப் பன்றிக்குப் பல் உடைந்தாலும் தானாக வளர்ந்துவிடும் என்பதும் அவருக்குத் தெரியும். “அதுக்கெல்லாம் பயப்படாதீங்க. மூணு வாரத்துல திரும்ப முளைச்சுடும். அதுவரைக்கும் எல்லாத்தையும் நைசா சீவிக் குடுங்க,” என்றார்.

“திரும்ப முளைக்குமா?” என்றாள் அவள். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ, அதற்கு மேல் கேட்கவில்லை.

டாக்டர் வைத்தியம் சொன்னார். தட்டும் தண்ணீரும் தனித்தனியாக வைக்க வேண்டும். கோபித்துக்கொண்டு போய் உட்கார ஒரு மறைவிடம் வேண்டும். அதற்கு இரண்டு வாசல் வேண்டும், ஒரே வாசல் என்றால் வழிமறித்துக்கொண்டு சண்டை வரும். படுக்கைத் துணியை மாற்றிப் போட்டு வாசனையைப் பழக்க வேண்டும். தினம் ஒரு மணி நேரம், இருவருக்கும் சொந்தமில்லாத பொது இடத்தில் விட வேண்டும். முனகினால் கண்டுகொள்ளக் கூடாது, யார் பக்கமும் பேசக் கூடாது. ரத்தம் வந்தால் மட்டும் நடுவில் போகலாம். அவள் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டாள்.

சனிக்கிழமை கூடையோடு வந்தபோது அவளுக்கு முகமெல்லாம் பல்.

“நீங்க நல்லா இருக்கணும் டாக்டர். பால்கனிக்கு இருக்கற ரெண்டு கதவையும் திறந்து விட்டேன். இப்ப ஹால் வழியாக் கோவிச்சுக்கிட்டுப் போறவர், சமையக்கட்டு வழியா வந்துடறார். போர்வையை மாத்திப் போட்டதுக்கு முதல் நாள் முகத்தைச் சுளிச்சாங்க. மறுநாள் ரெண்டு பேரும் ஒரே குறட்டை.”

வெள்ளரிக்காயை இரண்டு தட்டில் வைத்தாலும் இப்போது ஒரே தட்டில்தான் எடுத்துக்கொள்கிறார்களாம். நாத்தனார் வீட்டுப் பேச்சை வீட்டுக்காரர் மறந்தேபோய்விட்டாராம். டாக்டருக்குப் பெருமை பிடிபடவில்லை. வெளியே பெஞ்சில் யாரோ இரண்டு பேர் கடகடவென்று சிரிப்பது கேட்டது.

“பொது இடம்னு சொன்னீங்களே, தினம் பார்க்குக்கு அனுப்பினேன். இன்னிக்கு இங்கயே கூட்டிட்டு வந்துட்டேன். பல்லுதான் இன்னும் முளைக்கல. மூணு வாரம் ஆகலையே, பார்ப்போம்.”

“அதையும் பார்த்துடலாம்,” என்று டாக்டர் கூடையைத் திறந்தார். ஒன்றின் மேல் ஒன்று தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தன கினிப் பன்றிகள். நகத்தை வெட்டினார். ஒவ்வொன்றாக வாயைத் திறந்து பார்த்தார். புரட்டிப் பார்த்தார். சந்தேகம் வந்து இன்னொரு முறை புரட்டிப் பார்த்தார்.

“அம்மா, இது ரெண்டும் பெண்ணாச்சே. பல்லும் ரெண்டுக்கும் உளி மாதிரி இருக்கு. நீங்க சொன்ன அந்தப் பல்லில்லாதவர் எங்க?”

“எங்கப்பாவா? வெளிய பெஞ்சுல என் மாமனாரோட பேப்பர் படிச்சிட்டிருக்கார். வந்து வாயைத் திறக்கச் சொல்லட்டுமா டாக்டர்?”