புது ஸ்டாண்ட்

முதுகில் மயக்க ஊசி போடும்போது நோயாளி அசையாதபடி குனியவைத்துப் பிடித்துக்கொள்வதுதான் சுப்பையாவின் வேலை. புனே கேம்ப் ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருடமாக அதைத்தான் செய்கிறார். இப்போது நோயாளியைச் சாய்த்துப் பிடிக்க ஸ்டாண்டே வந்துவிட்டது.

"அண்ணா, இனிமே உங்களுக்கு ஆராம்தான், நல்லா ரெஸ்ட் எடுக்கலாம்," என்றாள் நர்ஸ் ரெனிட்டா.

"ஆமாம்மா, வீட்டுலயே ஆராமா இருக்கச் சொல்லிடுவாங்க."

மறுநாள் காலையிலேயே நிர்வாகி எட்மண்ட் கூப்பிட்டனுப்பினார். சுப்பையா போய் நின்றார்.

"சுப்பையா, அந்த ஸ்டாண்டுல ஒரு கீறல் விழக் கூடாது. அது இனிமே உங்க பொறுப்பு."

சுப்பையாவுக்குப் போன உயிர் திரும்பியது. "சரிங்க சார். பேஷண்ட்டை அதுல எப்படிச் சாய வைக்கிறதுன்னு மட்டும் சொல்லிக் குடுத்துடுங்க."

எட்மண்ட் பதறிப்போனார்.

"பேஷண்ட்டையா? புதுசுய்யா அது! அவங்களை வழக்கம்போல நீங்களே புடிச்சுக்குங்க!"