விரியாத குண்டு

“ஒத்தைக் குண்டுத் துப்பாக்கி. தப்பிச்சுன்னா என்ன பண்ணுவ, பொண்ணே?” என்று அப்பாவின் வேட்டைக் கூட்டாளி வெர்னன் மாமா ஒருமுறை கேட்டார்.

இன்று டெக்சாஸ் வெயிலில், சோளக்காட்டு ஓரம் அவர் பக்கத்தில் படுத்திருந்தபோது அந்தக் காட்டுப்பன்றி புதரைவிட்டு வெளியே வந்தது. ஒரு பக்கத் தந்தம் உடைந்திருந்தது. போன வருஷம் அப்பாவைக் குத்திக் கொன்றது அதுதான்.

சுட்டேன். பன்றி விழாமல் எங்களை நோக்கிப் பாய்ந்து வந்தது. அடுத்த குண்டைத் திணிக்கும்போது விரல்கள் வழுக்கின. அதற்குள் பன்றி எங்கள் காலடிக்குக் கொஞ்சம் முன்னால் முன்னங்கால் மடங்கிச் சரிந்தது.

“ஈயக் குண்டுன்னா இப்படித்தான் ஓட விடும்,” என்று மாமா மூச்சு வாங்கினார். ஊரில் செம்புக் குண்டு போடுகிறவர் அவர் ஒருவர்தான். “என் செம்பு பூ மாதிரி விரியும். பட்டா அங்கேயே படுத்துரும். போன வருஷம் நான் சுட்டும் இவன் ஓடினப்பவே குறி தப்பிடுச்சுன்னு தெரிஞ்சுபோச்சு. பட்டிருந்தா புதருக்குள்ள போய் நானே முடிச்சிருப்பேனே! ‘காயமில்ல, பயப்படாம போ’ன்னு உங்கப்பங்கிட்டயும் சொன்னேன்.”

மறுநாள்தான் அப்பா அந்தப் புதருக்குள் போனார்.

குண்டு எப்படி வேலை செய்தது என்று பார்க்கப் பன்றியின் தோளைக் கீறினேன். என் ஈயம் நெஞ்சுக்குள் தட்டையாகக் கிடந்தது. ஆனால் அதற்கு முன்பே, தடித்த தோலுக்கடியில், ஆறிய தழும்புக்குள் கத்தி எதிலோ இடித்திருந்தது. தோண்டி எடுத்து மாமாவின் உள்ளங்கையில் வைத்தேன்.

செம்பு. முனைகூட மழுங்கவில்லை.

மாமா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துப்பாக்கியைக்கூட எடுக்காமல் வண்டியை நோக்கி நடந்தார்.