இரும்புக் கவசம்

“கல்யாணமாகி வந்ததுலேருந்து உங்கப்பா எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. என்னைப் புடிக்கலையாங்க?” என்று கேட்டாள் பிரவீணா.

“அவருக்குக் கூச்சம். பொழுது போவலன்னா இத வெளயாடு” என்று அவள் செல்போனில் ஒரு கேமை ஏற்றிக் கொடுத்துவிட்டு, ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலைக்கு ஷிஃப்டுக்குக் கிளம்பினான் தமிழழகன்.

விளையாட்டில் வைத்தியர், போர்வீரன் என்று ஆளுக்கொரு கிளாஸ், அதாவது வேடம். அவள் வைத்தியர் கிளாஸை எடுத்தாள். முதல் வெற்றியிலேயே இரும்புக் கவசம் ஒன்று பரிசாகக் கிடைத்தது. எத்தனை முறை அழுத்தியும் போட முடியவில்லை.

“வைத்தியருக்குத் தடியும் துணி அங்கியும்தான். இரும்பு ஏறாது” என்று திரையில் எழுதினார், அவள் அணியில் ‘மலையரசன்’ என்ற பெயரில் ஆடிய, முகம் தெரியாத ஒருவர். “எங்கிட்ட குடு. நான் போர்வீரன் கிளாஸ். நீ காயத்த ஆத்து, அடிய நான் வாங்கிக்கிறேன்.”

கொடுத்தாள். அன்றிலிருந்து எந்தச் சண்டையிலும் மலையரசன்தான் அவளுக்கு முன்னால் நின்றார். இந்த வீட்டிலும் இப்படி ஒருத்தர் இருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொள்வாள். கூடத்தில் மாமனார் முத்துசாமி மூக்குக்கண்ணாடியும் செல்போனுமாக, வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பார்.

இன்று பூதத்தோடு சண்டை மும்முரமாக நடக்கும்போது குக்கர் விசிலடித்தது.

“அடுப்ப அணைச்சிட்டு வரேன்” என்று அவசரமாக எழுதினாள்.

மலையரசனிடமிருந்து பதில் வந்தது. “அணைச்சிட்டேன். நீ எடத்த வுட்டு நகராத.”

பிரவீணா எட்டிப் பார்த்தாள். அடுப்படியில் மாமனார் முதுகைக் காட்டி நின்றிருந்தார்.

“மாமா!”

அவர் திரும்பவில்லை. கையிலிருந்த செல்போன் மேல் கட்டைவிரல் மட்டும் அசைந்தது. அவள் திரையில் எழுத்து விழுந்தது.

“பூதம் வருதும்மா. பேச்ச அப்பறம் வச்சுக்கலாம்.”